ஆளில்லாத மணல்: பாலைவனப் படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

கூட்டமில்லாமல் படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் குறிப்புகள் பயணப் பக்கங்களில் இன்று தனி வகைமையாகவே வளர்ந்து நிற்கின்றன. தாஜ்மகாலுக்கு ஒன்று, மச்சு பிச்சுவுக்கு ஒன்று, பாலைவன சஃபாரிக்கு ஒன்று. இவற்றை யாரும் விமர்சனத்துக்குரிய பிரதிகளாக எடுத்துக்கொள்வதில்லை. சமையல் குறிப்புக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்கலாம். எழுதவேண்டும் என்பேன். ஒரு சமூகம் எதைப் பந்தியில் வைக்கிறது, எதைக் கொல்லைப்புறம் தள்ளுகிறது என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும். இந்தக் குறிப்புகளும் அப்படித்தான். நான் இவற்றை வாசித்தவன் மட்டுமல்ல, ஒரு விடிகாலையில் இவற்றின்படியே நடந்து படம் எடுத்தவனும்கூட. எனவே குற்றஞ்சாட்டப்படுவோர் வரிசையில் என் பெயரும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குறிப்புகள் சொல்வது இதுதான். எல்லாரும் போகிற மாலையில் போகாதே, விடியுமுன் போ. முதல் மணல்மேட்டிலேயே நின்றுவிடாதே, இரண்டு மேடு தாண்டி நட. காமிராவைத் தரையோடு தாழ்த்திப் பிடி. மேட்டின் முகடு அந்தப்பக்கம் நிற்கும் வண்டிகளையும் கூடாரங்களையும் மறைத்துவிடும். முந்தின நாளின் கால்தடத்தையும் டயர்த்தடத்தையும் இரவுக் காற்று பெரும்பாலும் அழித்திருக்கும், ஆகவே முதல் ஆளாய்ப் போகிறவருக்கே சுத்தமான மணல். சாய்ந்த வெயிலில் மணல்வரிகள் நிழல் கொண்டு எழும்பித் தெரியும். அப்படியும் யாராவது குறுக்கே வந்தால் ட்ரைபாடில் காமிராவை நிறுத்தி இடைவெளி விட்டுப் பத்துப் பதினைந்து படம் எடு. கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாப் படத்திலும் இருக்கிற மணல் தங்கிவிடும், இடம் மாறிக்கொண்டிருந்த மனிதர்கள் உதிர்ந்துபோவார்கள். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் கைப்பேசியே துடைத்துத் தரும். 2021இல் பிக்ஸல் 6 கைப்பேசியோடு கூகிள் கொண்டுவந்த வசதிக்கு 'மேஜிக் இரேஸர்' என்று பெயர். 2024இல் ஆப்பிள் கொண்டுவந்ததற்கு 'கிளீன் அப்'. முதல் பெயரில் மந்திரவாதி இருக்கிறான். இரண்டாவதில் துடைப்பம் இருக்கிறது.

துடைப்பம் என்று வந்துவிட்டால் அழுக்கு எது என்று கேட்கவேண்டியிருக்கிறது. தனக்குரிய இடம் தவறிக் கிடக்கிற பொருள்தான் அழுக்கு என்று மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வாதிட்டார். சோறு இலையில் இருந்தால் உணவு, சட்டையில் இருந்தால் அழுக்கு. மணலில் நிற்கிற மனிதன் எப்படி இடம் தவறியவனானான்? தமிழ்க் காதுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தொட்டால் தீட்டு என்பதோடு நம்மவர்கள் நின்றுவிடவில்லை, பார்த்தாலே தீட்டு என்றும் வைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பகுதியில் புதிரை வண்ணார்கள் பகலில் வெளியே வரக்கூடாது, இருட்டில் வந்து வெளுத்துவிட்டு விடியுமுன் ஒதுங்கிவிடவேண்டும் என்றிருந்த வழக்கம் 1932இல் பத்திரிகைச் செய்தியானது. சாதி பற்றிய தன் நூலில் ஹட்டன் அதை எடுத்தாள்கிறார். சுற்றுலாப் பயணியின் காமிராவும் சாதி இந்துவின் கண்ணும் ஒன்று என்று நான் சொன்னால் அது மலிவான சமன்பாடு. ஒன்றில் வழக்கத்தின் வன்முறை, மற்றதில் ஒரு பொத்தான். இருந்தாலும் வேலை நடக்கவேண்டும், வேலை செய்கிறவன் கண்ணில் படக்கூடாது என்கிற ஆசை இரண்டிலும் இருக்கிறது. அந்த ஆசையைத்தான் லஹ்பாப்பில் பார்த்தேன், என்னிடத்திலேயே.

லஹ்பாப் துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில், நகரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. இரும்பு ஆக்சைடு கலந்து சிவந்த மணல். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் லேண்ட் குரூஸர்கள் சாரிசாரியாக வந்து சாலையோரம் நிற்கும், டயர்க் காற்றை இறக்கிக்கொண்டு மணலில் ஏறும். மேட்டிலிருந்து சரிகிறபோது உள்ளே கூச்சல். பிறகு ஐந்து நிமிட ஒட்டகச் சவாரி, கையில் ஒரு வல்லூறு, மருதாணி, கூடாரத்தில் பெல்லி டான்ஸ், கரியில் வாட்டிய இறைச்சி. சொல்லவேண்டியது இவ்வளவுதான்; இந்தச் சடங்கைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு முக்கியம் அது முடிந்த பிறகு, அதாவது இரவு ஒன்பது மணிக்கு மேல் நடப்பது.

2023 ஜனவரியில் நண்பர்கள் கூட்டிய ஒரு வாசிப்புக் கூட்டத்துக்காகத் துபாய் போயிருந்தேன். என் அத்தை மகன் அப்படியொரு கேம்ப்பில் வேலை பார்க்கிறான். என்னைவிட இரண்டு வயது இளையவன். என்ன வேலைடா மாப்ள என்று கேட்டால் "எல்லா வேலையும்தான் மச்சான்" என்பான். விருந்தாளிகள் போனபிறகு பாத்திரம் கழுவுவது, கம்பளத்தில் மணல் உதறுவது, மேடுகளில் சிதறிக் கிடக்கும் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்குவது. காலை சஃபாரிக்கு ஆள் வருகிற நாளில் கேம்ப்பைச் சுற்றியுள்ள மணலை வாரியால் இழுத்துச் சமன் செய்வது. காற்று அழிக்காமல் விட்ட தடங்களை இவன் அழிக்கிறான். 'யாரும் கால் வைக்காத மணல்' என்பதற்கு ஒரு சம்பளப் பட்டியல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

விடியுமுன் என்னை அழைத்துக்கொண்டு போனான். எந்த முகடு கேம்ப்பை மறைக்கும், எங்கே நின்றால் மின்கம்பி தெரியாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறான். நான் நேராக ஏறினேன், அவன் டயர்த்தடத்தின் மேலேயே சுற்றிக்கொண்டு வந்தான்.

"ஏன் மாப்ள சுத்திப் போற?"

"தடம் விழும் மச்சான். படத்துக்கு ஆகாது."

சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் எழுந்ததும், நான் சொல்லாமலேயே குத்தவைத்து உட்கார்ந்தான். நின்றிருந்தால் அவன் நிழல் என் படத்துக்குள் விழுந்திருக்கும். என்னுடைய நிழலை நானே ஒதுக்கப் பழகுவதற்குக் கால்மணி நேரம் ஆனது. அவனுக்கு அது ஒன்பது வருடப் பழக்கம். நாற்பது படம் எடுத்தேன். பொய் சொல்வானேன், அத்தனையும் அழகு. ஒன்றில் மட்டும் தூரத்தில் ஒரு மரம் இருந்தது. 'காஃப்' என்கிறார்கள் அங்கே, 2008இல் தேசிய மரமாக அறிவித்தார்கள். நம்ம வன்னிதான் அது. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிற அதே வன்னி. வழியில் சாலையோரம் மண்டிக் கிடந்த வேறொன்றைப் பார்த்து மாப்ள சிரித்தான். "இங்கயும் விடமாட்டேங்குது பாருங்க." சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்காரனுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அத்தையிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசிவரை பார்த்துவிட்டு, "இதுல எம்புள்ள எங்கப்பா?" என்றார். அவன்தான் அத்தை இடம் காட்டினான், பக்கத்துலயேதான் இருந்தான் என்றேன். "மண்ணத்தான் நான் இங்க தெனமும் பாக்குறேனே" என்று கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார். புகைப்படம் குறித்து சூசன் சொன்டாக்கையும் ரோலான் பார்த்தையும் வாசித்தவன் நான். இந்த இரண்டு வாக்கியத்துக்கு அந்த வாசிப்பிலிருந்து என்னால் பதில் எடுக்க முடியவில்லை.

புகைப்படக் கலையோ பிறந்ததே ஆட்களைத் தொலைத்துக்கொண்டுதான். 1838இல் தாகேர் தன் பாரிஸ் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த தெருப்படம் பலருக்கும் தெரிந்திருக்கும். வண்டியும் ஆளுமாக நெரிந்த தெரு. தகடு பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்ததால் அசைந்தவர்கள் யாரும் விழவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒரு மனிதர் மட்டும் தங்கினார். மெருகு போட்டவர் கலங்கலாகத்தான் தெரிகிறார், கை அசைந்துகொண்டே இருந்திருக்கும் அல்லவா. மனிதர் படமெடுக்கப்பட்ட முதல் சந்தர்ப்பம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். நிற்க வசதியுள்ளவன் தெளிவாகவும் உழைக்கிறவன் கலங்கலாகவும் பதிவான முதல் சந்தர்ப்பம் என்றும் இதை வாசிக்கலாம். தாகேருக்கு இதில் உள்நோக்கம் ஏதும் இருந்திருக்காது, அது ரசாயனத்தின் குறை. நூற்றெண்பது வருடம் கழித்து அந்தக் குறையைத்தான் வசதி என்று விற்கிறோம்.

1849இல் ஃப்ளோபேரோடு எகிப்து போன மாக்சிம் து காம், தன் படகிலிருந்த ஹாஜி இஸ்மாயில் என்ற நூபிய மாலுமியைச் சிலைகளின் மேலும் தூண்களின் பக்கத்திலும் நிறுத்தினார். கட்டடம் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. அசையாமல் நிற்கவைக்க, காமிராவின் பித்தளைக் குழாய் பீரங்கி என்றும் அசைந்தால் சுட்டுவிடும் என்றும் பயமுறுத்தியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே படத்துக்குள் ஆளைச் சேர்த்துவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்று அவசரப்படவும் கூடாது. ஒருவனை அழிக்கலாம், அளவுகோலாகவும் ஆக்கலாம். இன்றைய சஃபாரிப் படங்களில் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நடக்கிறாரே ஒருவர், அவர் ஹாஜி இஸ்மாயிலின் பேரன்தான்.

அராபிய மணலைப் பற்றி நமக்குக் கிடைத்த பிம்பத்தில் வில்ஃபிரட் தெஸிஜருக்குப் பெரிய பங்கு. 1946க்கும் 1948க்கும் இடையில் ரூப் அல் காலியை இருமுறை கடந்தவர், 1959இல் அதைப் புத்தகமாக்கியவர். ரூப் அல் காலி என்றால் 'வெற்றுப் பகுதி'. ஆனால் அங்கே வாழ்ந்த பதூக்கள் அதை வெறுமனே 'மணல்' என்றுதான் சொன்னார்கள் என்பதும் அவர் தந்த தகவல்தான். கிணறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது எப்படி வெற்றாக இருக்கமுடியும்? மோட்டார் வண்டி வந்து எல்லாம் கெட்டது என்கிற தெஸிஜரின் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்தவன் பட்டினியைத் தன் தூய்மைக்காகப் பாதுகாக்கச் சொல்கிற குரல் அதில் உண்டு. ஆனால் அவர் படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், பெயரோடு இருக்கிறார்கள். பின் கபீனா, பின் கபைஷா. மணலை ஆள்களின் வழியாகவே அவரால் பார்க்க முடிந்தது, வேறு வழியும் அவருக்கில்லை. துணையாள் இல்லாமல் ஒரு வாரம்கூட உயிரோடு இருந்திருக்க மாட்டார். இன்று துணையாளுக்குக் காசு கொடுத்துவிடுகிறோம். கொடுத்த காசில் அவன் மறைந்துபோவதும் அடக்கம்.

எல்லா அகற்றலும் கொடுமை என்று சொல்ல வரவில்லை. அமீரகத்தின் ஒட்டகப் பந்தயங்களில் பாகிஸ்தான், வங்கதேசம், சூடான் பிள்ளைகளை முதுகில் கட்டி ஓட்டினார்கள். 2005இல் அது தடைசெய்யப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் சிறு ரோபோக்கள் ஏறின. அந்தச் சட்டகத்திலிருந்து மனிதன் வெளியேறியது விடுதலை. யார், யாருடைய வசதிக்காக அகற்றப்படுகிறார் என்பதுதான் கேள்வி.

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் பாலை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? வளைகுடா வேலையைப் 'பொருள்வயிற் பிரிவு' என்று ஒப்பிட்டு எழுதுவது நம் கருத்தரங்குகளில் தேய்ந்துபோன சங்கதி. நானும் ஒரு கட்டுரை வாசித்திருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. தொல்காப்பியர் பாலைக்கு நிலமே ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஓர் இடத்தின் பெயரல்ல, ஓர் இடத்துக்கு நேர்ந்ததின் பெயர். அங்கே ஆள் நடமாட்டத்துக்குக் குறைவே கிடையாது. எயினர், ஆறலைக் கள்வர், வழிப்போக்கர், உடன்போகிற பெண், பின்னால் தேடிவருகிற செவிலி. அதன் சிறுபொழுது நண்பகல். காமிராவின் பாலையோ விடியலிலும் அந்தியிலும் மட்டுமே இருக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் வைகறை மருதத்துக்கும் எற்பாடு நெய்தலுக்கும் உரியவை. பாலையை அதன் பொழுதில் யாரும் படமெடுப்பதில்லை. நண்பகல் வேலைசெய்கிறவனுக்கென்று விடப்பட்டிருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை திறந்தவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. நண்பகல் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

உடனே நம் மரபை மெச்சிக்கொள்ளவும் முடியாது. அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கூடாது என்பது விதி. பிரிந்து போகிறவன் 'தலைவன்', அவ்வளவுதான். வழியில் கொல்லப்பட்டவர்களின் மேல் கல்லும் தழையும் மூடிக் கிடக்கும், அவர்கள் யார் என்று பாட்டு கேட்காது. தலைவனின் வழி எவ்வளவு பயங்கரமானது என்று காட்ட அவர்கள் பயன்படுகிறார்கள். அளவுகோல்கள். து காமைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லியாகவேண்டும்.

'சஃபாரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் என்று பொருள்படும் 'சஃபர்' என்ற அரபுச் சொல், சுவாஹிலிக்குப் போய், அங்கிருந்து வெள்ளைக்கார வேட்டைக்காரன் வாயில் ஏறி, சுற்றுலாச் சரக்காக அராபிய மணலுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதே 'சஃபர்' எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் 'சபர்' என்று புழங்குகிறது. சபர் போவது என்றால் பிழைக்கக் கடல் கடந்து போவது, போனவர் சபராளி. ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள் லஹ்பாப்பில் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒருவர் காமிரா பிடிக்கிறார், ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' (2008) நாவலின் நஜீப்புக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லாத மணல் என்பது தண்டனை. ஓடினால் யாரிடம் ஓடுவது என்பதே அவன் பிரச்சினை. பிளெஸ்ஸி இயக்கி 2024இல் வந்த படத்துக்காக ஜோர்டானின் வாடி ரமிலும் அல்ஜீரியாவின் சகாராவிலும் படப்பிடிப்பு நடந்தது. வாடி ரம் புகழ்பெற்ற சஃபாரித் தலமும்கூட. நஜீப் உயிருக்கு அஞ்சி ஓடும் மணலும் பயணக் குறிப்புகள் சிபாரிசு செய்யும் மணலும் ஒரே மணல்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அழித்தவர்கள் அந்தப்பக்கம், அழிக்கப்பட்டவர்கள் இந்தப்பக்கம். ஆனால் மாப்ள அதற்கு இடம் தரவில்லை. எடுத்ததை எழுதுவதற்கு முன் அவனிடம் பேசினேன். இந்தப் படங்களிலிருந்து உன்னை அழித்துவிட்டேன், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் படங்களில் ஒன்றைத் தனக்கு அனுப்பச் சொன்னான். மரம்கூட இல்லாத படம் ஒன்று, வெறும் முகடும் நிழலும். அதைத்தான் தன் கைப்பேசி முகப்பில் வைத்திருக்கிறான்.

"ஏன் மாப்ள இத?"

"எட்டுப் பேர் ரூமு மச்சான். கண்ண மூடுனாத்தான் தனியா இருக்க முடியும். இதுல யாரும் இல்ல, நல்லாருக்கு."

கூட்டமில்லாத படத்துக்கு ஆசைப்படுவது பயணியின் கொழுப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அடுக்குக் கட்டிலில் உறங்குகிறவனுக்கும் அந்த ஆசை இருக்கிறது, பயணியைவிடக் கூடுதலாகவே. வெள்ளிக்கிழமைகளில் அவனும் அறை நண்பர்களும் புர்ஜ் கலீஃபா பக்கம் போவார்களாம். ஒருவன் நிற்க, ஒருவன் எடுக்க, மற்றவர்கள் படத்தில் விழாமல் விலகிக்கொள்வார்கள். பிறகு முறை மாறும். ஊருக்குப் போகிற ஒவ்வொரு படத்திலும் ஒருவன் மட்டும், தனியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் கோபுரம். எட்டுப் பேர் ரூமும் கடனும் அதில் தெரியக்கூடாது. அத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அப்படிப்பட்ட ஒரு படம்தான். தன் மகன் அங்கே ராஜாவாக நிற்கிறான் என்று அத்தை நம்புகிறாரா, நம்புவதுபோல் இருக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருத்தருக்கொருத்தர் முறைவைத்து விலகிக்கொள்வதற்கும், காசு வாங்கியவன் விலகிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாப்ளைக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகப் படவில்லை. "வேலைன்னா வேலைதான் மச்சான், நெழல ஒதுக்குறது என்ன பெரிய கஷ்டமா?"

இதழுக்காகக் கட்டுரையோடு ஒரு படம் கேட்டார்கள். அவன் இருக்கும் படம் ஒன்றும் என்னிடம் உண்டு. கேம்ப்புக்குத் திரும்பும் வழியில், வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது எடுத்தது. சம்மதமில்லாமல் ஒருவரைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் அமீரகத்தில் தண்டனைக்குரியது. அதற்காக இல்லாவிட்டாலும் கேட்காமல் போடுவது முறையல்ல என்று அவனிடமே கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அது வேணாம் மச்சான். கம்பெனில யாராச்சும் பாத்தா வம்பு. அந்த வெறும் மண்ணு இருக்குல்ல, அதயே போட்ருங்க."

அதையே அனுப்பியிருக்கிறேன்.